பியூகல்காரனுக்குத் தினமும் கஞ்சி

என் தம்பிக்கு மேளம்தான் வேண்டியிருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். போகப் போக நான் எதையாவது எனக்குச் சாதகமாக மாற்றிச் சொன்னாலும், இது ஒன்று மாறக்கூடாது.

நாங்கள் மலாய் நாட்டில், காஜா பெராங்கில் ஆறு பலகை வீடுகள் ஒட்டி நின்ற ஒரு வரிசையில் இருந்தோம். ஆறு வீட்டுக்கும் பின்னால் ஒரே கிணறு. சண்டைக்கு முன்னால் அப்பா பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையில் மூட்டை பிரித்து அடுக்குகிற வேலையில் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். ஜப்பான்காரன் வந்ததும் கடை மூடிவிட்டது. அப்பாவைச் சாக்கடை வாரும் வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். சாயங்காலம் வந்ததும் கிணற்றடியில் நின்று, சாம்பலைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். குளித்து முடித்த பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். அது வந்தபோதுதான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பிறகு யாருக்கும் என்னைத் திரும்ப அனுப்புகிற ஞாபகம் வரவில்லை. தம்பி மட்டும் படித்தான். இந்தக் கதை நடந்தபோது எனக்குப் பதினாறு, அவனுக்குப் பதினொன்று.

வரிசையின் கடைசி வீட்டில் ஓர் அம்மாவும் மகனும் இருந்தார்கள். அந்த வீட்டு மனிதர் கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் மேளம் அடிக்கப் போகிறவர். அவரை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் சேதியே இல்லை. அந்த அம்மா நாங்கள் எல்லாரும் தண்ணீர் இறைத்து முடித்த பிறகுதான் கிணற்றுக்கு வருவார். அப்படி வரச்சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. அந்த வரிசையில் இருந்த பெண்களை எல்லாம் நான் அக்கா, அத்தை என்று ஏதாவது ஒரு முறை வைத்துக் கூப்பிடுவேன். அந்த அம்மாவை மட்டும் எதுவும் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பேன், அவ்வளவுதான்.

அந்த மனிதர் ஊரில் இருந்தவரை, சாயங்காலத்தில் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றித் தட்டிப் பார்ப்பார். தம்பி எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அதையே பிஸ்கட் தகரத்தில் தட்டுவான். அவர் ஒன்று தட்டி நிறுத்தினால், இவன் அதை அப்படியே திருப்பித் தட்டுவான். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கஷ்டமாக ஒன்று தட்டுவார். பேசிக்கொண்டதே இல்லை இரண்டு பேரும். அப்பா வருகிற சத்தம் கேட்டால் தகரம் உள்ளே போய்விடும். தகரம் இல்லாத நேரத்தில் அவன் கதவைத் தட்டுவான், பலகையைத் தட்டுவான், நான் அம்மி அரைக்கக் குனிந்தால் என் முதுகைத் தட்டுவான். "உன் முதுகுதான்கா நல்ல சத்தம். எலும்பு ஜாஸ்தி" என்பான்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் பள்ளிக்கூடத்தில் பேண்டு ஆரம்பித்தார்கள். அங்கே வாத்தியாரையே அப்போது சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் எல்லாப் பிள்ளைகளும் கிழக்கே திரும்பிக் குனிந்து கும்பிட வேண்டும், கொடி ஏற வேண்டும், கைகாலை ஆட்டி உடற்பயிற்சி செய்ய வேண்டும். வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டு ஓடின சாமான்களில் கொஞ்சம் வாத்தியங்கள் கிடைத்தனவாம். அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஊர்வலத்துக்குப் பழக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். பேண்டுக்கு எடுத்த பிள்ளைகளில் தம்பி பெயரும் இருந்தது. வீட்டிலிருந்து ஒருவர் வந்து, எந்த வாத்தியம் என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் ஓடி வந்து இதைச் சொன்னபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியிலேயே போய் நின்று, மேளம் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றான்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். முழங்காலுக்குக் கீழே சாக்கடைச் சேறு இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"தோலத் தொட்டு அடிக்கிற வேலைய நம்ம வீட்டுல எவனும் செஞ்சதில்ல. அதக் கழுத்துல மாட்டிக்கிட்டு நீ பண்டார் ஹிலிர் பாடாங்குல ஊரே பாக்க நடந்தேன்னா, அப்புறம் இவள எவன் வந்து கட்டுவான்?"

பாடாங் என்றால் கடலைப் பார்த்த பெரிய திடல். ஊர்வலம் எல்லாம் அங்கேதான். அப்பா 'இவள்' என்றது என்னை. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்தான் போல. சாக்கடைக்குள் இறங்குகிற காலுக்குத் தோல் மட்டும் தீட்டா என்று இப்போது எனக்குக் கேட்கத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என் கல்யாணம்தான் கண்ணில் தெரிந்தது. அப்பா சொன்னது சரி என்றே நினைத்தேன். அரிசியே இல்லாத ஊரில் எனக்கு ஒரு மாப்பிள்ளை எங்கேயோ வளர்ந்துகொண்டிருப்பதாக நினைப்பு.

மறுநாள் நான்தான் அவனோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அம்மாவால் நடக்க முடியாது. அப்பாவுக்கு வேலை.

பின்னறையில் ஒரு நீள பெஞ்சில் வாத்தியங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு பெரிய மேளம், மூன்று சின்ன மேளம், நாலைந்து குழல், ஒரு ஜோடிப் பித்தளைத் தாளம். ஓரத்தில் பியூகல். அது பட்டாளத்தில் ஊதுகிற, வளைந்த பித்தளைக் குழல். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தம்பி நேராக மேளத்திடம் போனான். தொடவில்லை. முகத்தை அதன்மேல் குனிந்து முகர்ந்து பார்த்தான். பிறகு நடு விரலால் ஒரே ஒரு தட்டு. அந்தச் சத்தம் அறையைச் சுற்றி வந்தபோது அவன் முகம் இருந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

என் பக்கத்தில் வந்து காதோரமாகப் பேசினான்.

"மேளம்கா. அப்பாகிட்ட தாளம்னு சொல்லிடலாம்."

"ஊர்வலத்துல பாக்க மாட்டாரா?"

"பாக்கட்டும். பாக்கறதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சிருப்பேன்ல."

நான் சிரித்துவிட்டேன். அந்த நிமிஷம் மேளத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். உண்மையாகவே போட்டிருப்பேன். அதற்குள் கடைசி வீட்டு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். பெரிய மேளத்தைக் காட்டி, "எங்களுக்கு என்ன யோசனை, இதுதான்" என்று சொல்லி, விரலில் மை தொட்டு ரேகை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மகன் அந்த மேளத்தைத் தூக்கிக் கழுத்தில் மாட்டினான். அவனுக்கு வயிறு முழுக்க மறைந்தது. அதைப் பார்த்ததும் அப்பா சொன்னது எனக்குத் திரும்ப ஞாபகம் வந்துவிட்டது. அவர்கள் எடுத்ததை நாமும் எடுப்பதா என்று. வெட்கமாக இருக்கிறது எழுத. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

வாத்தியார் மெலிந்த மனிதர். அவரும் பசியோடுதான் இருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. என்னிடம் பொறுமையாகச் சொன்னார். மேளக்காரப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் பழக வந்தால் போதும். குழலும் அப்படித்தான். பியூகல்காரன் மட்டும் தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவன் ஊதினால்தான் கொடி ஏறும்.

"வர்ற நாளுக்கெல்லாம் ஒரு அகப்பை கஞ்சி குடுக்கச் சொல்லி உத்தரவு. அப்ப பியூகல்காரனுக்குத் தினமும் உண்டு."

"ஊபிக் கஞ்சிங்களா ஐயா?"

"இல்லம்மா. அரிசி."

ஊபி என்றால் மரவள்ளி. காலையில் அது, மத்தியானம் அது, ராத்திரி அதன் இலை. செமாபோக்குப் பக்கம் அப்பா ஒரு துண்டு நிலத்தில் போட்டிருந்தார். பாதி திருட்டுப் போகும். எங்கள் வீட்டில் அரிசிச் சோறு வேகிற வாசம் வந்து எத்தனை மாசம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் அரிசி என்று சொன்னதும் என் வாயில் தண்ணீர் ஊறியது. தம்பிக்கு அல்ல, எனக்கு.

அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். தினமும் கஞ்சிடா என்றேன்.

"எனக்கு இழுப்பு வருமேக்கா" என்றான்.

சின்ன வயசிலிருந்து அவனுக்கு மழை வந்தால் மூச்சு இழுக்கும். நெஞ்சுக்குள் பூனை உட்கார்ந்திருக்கிற மாதிரி சத்தம் வரும். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள்.

"வராது. ஊத ஊத நெஞ்சு விரியுமாம். வாத்தியாரே சொன்னாரு."

வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சொன்னது.

அவன் மேளத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "சரி" என்றான். அவன் அதிகம் அடம் பிடிக்கிறவன் இல்லை. அடம் பிடித்திருக்கலாம். நான் பியூகலுக்கு நேரே என் பெயரை எழுதினேன். மூன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. இதை எழுத உட்காரும் வரை அதை வைத்து நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

பியூகலை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா வாய் வைக்கிற இடத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். எந்த வெள்ளைக்காரன் எச்சிலோ என்று சாம்பலும் புளியங்கொட்டைப் பொடியும் போட்டுத் தேய்த்தாள். அப்பா அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். பித்தளை. தோல் இல்லை. அவருக்குத் திருப்தி. நாலு நாளில், தன்னோடு சாக்கடை வாருகிறவர்களிடம் எல்லாம், என் மகன் ஊதினால்தான் நிப்பொன் கொடியே ஏறும் என்று சொல்லிக்கொண்டு இருந்தார்.

முதலில் அவனுக்குச் சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது. பிறகு கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், செட்டிக் கிராமத்திலிருந்து ஒரு நடுவயது அம்மா தினமும் வாழையிலை விற்றுக்கொண்டு போவார். அவர்களுக்கு நம்முடைய சாமிதான், பேச்சு மட்டும் மலாய். தம்பி படியில் உட்கார்ந்து ஊதி, நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குவதை அவர் கூடையை இறக்கி வைத்துப் பார்த்தார். இவனுக்கு நெஞ்சு பலமில்லை, இதை ஊத விடாதே என்று என்னிடம் மலாயில் சொன்னார். "காசியான்" என்று அவன் தலையைத் தடவினார். பாவம் என்று அர்த்தம். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவருக்கென்ன, விற்க இலை இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாசத்தில் தெளிவாக ஊத ஆரம்பித்துவிட்டான். விடிந்து கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத் திசையிலிருந்து சத்தம் வரும். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் அது கேட்கும். அம்மா படுத்தபடியே, "அவன்தான்" என்பாள், யாரோ கேட்ட மாதிரி.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் கையில் ஒரு பால் டின் இருக்கும். கம்பி கோத்துப் பிடி வைத்தது, அவனே செய்தான். அதில் கஞ்சி. ஆறிப் போய் மேலே ஆடை கட்டியிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்து அம்மா அழுதாள். நீ குடிச்சியா என்று கேட்டாள்.

"நான் அங்கயே குடிச்சிட்டேம்மா. எனக்கு சென்செய் ரெண்டு அகப்பை ஊத்துறாரு. இது மிச்சம்."

புண்காரிக்கு முதலில் என்று அம்மாவுக்குப் பாதி. அப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்து மூடி வைப்போம். அடியில் இருப்பது எனக்கு. விரலை விட்டு வழித்து நக்குவேன். அவனுக்குக் கொஞ்சம் நீட்டினால், வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்பான். சட்டையைத் தூக்கி வயிற்றில் இரண்டு கையாலும் தட்டிக் காட்டுவான். நன்றாகத் தட்டுவான். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. நிறைந்த வயிறு அப்படிக் கேட்காது. மேளம் தட்டத் தெரியாத எனக்கே அது தெரியும். தினமும் டின்னில் இருந்தது முழு ஓர் அகப்பை. ஓர் அகப்பை என்றால் எவ்வளவு என்று சமைக்கிற எனக்குத் தெரியாதா? தெரிந்தது. நம்பினால் குடிக்கலாம், அதனால் நம்பினேன்.

ஊர்வலத்தன்று நான் பாடாங்குக்குப் போனேன். எல்லாரும் போக வேண்டும், கையில் காகிதக் கொடி. அப்பாவும் வந்திருந்தார், பழைய வெள்ளைச் சட்டையோடு. பேண்டுப் பிள்ளைகள் வந்தபோது பியூகல்காரன்தான் முன்னால். ஆனால் அவன் ஊதுவது ஆரம்பத்திலும் முடிவிலும்தான். நடுவில் எல்லாம் சும்மா நடக்க வேண்டும். அப்போது அவன் வலது கை தொடையில் ஆடிக்கொண்டே இருந்தது. பின்னால் கடைசி வீட்டுப் பையன் பெரிய மேளத்தில் எப்போது அடிக்கிறானோ, அதற்கு ஒரு துளி முன்னாலேயே தம்பி விரல் தொடையில் விழுந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை. அவர் பித்தளை மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அவனுக்குச் சட்டை என்று இருந்தது கோணிச் சாக்கில் தைத்தது. நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மழை என்று பியூகல்காரன் வராமல் இருக்க முடியாது. வராவிட்டால் வாத்தியார் அதிகாரியிடம் அறை வாங்குவார், அவர் திருப்பி இவனுக்குக் கொடுப்பார். அவன் வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவான். டின் மட்டும் நனையாது, சட்டைக்குள் வைத்து மறைப்பான்.

முதலில் கால் வீங்கியது, பட்டினி கிடந்தவர்களுக்கு அப்போது வருகிற வீக்கம். பாதத்தை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அவனுக்கு அது வேடிக்கை, வரிசையாகக் குழி வைத்துத் தாயக்கட்டம் என்று காட்டினான். பிறகு இழுப்பு வந்தது. போகாதே என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். நான் சொல்லவில்லை. அவன் என்னைத்தான் பார்த்தான், வழக்கம் போல. நான் டின்னைக் கழுவித் துடைத்து அவன் பக்கத்தில் வைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அதை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நாலு நாள்தான் ஊதினான். நாலாம் நாள் சத்தம் பாதியில் அறுந்தது. அம்மா, "அவன்தான்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டாள். கடைசி வீட்டுப் பையன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வாசல்படியில் நின்று, உள்ளே வரலாமா என்று தெரியாமல், "அக்கா, புடிச்சுக்குங்க, புடிச்சுக்குங்க" என்றான். தம்பியை என் கையில் கொடுத்தான். டின்னையும் கொடுத்தான். கொடி ஏறுமுன்பே ஊற்றிவிட்ட கஞ்சி, கொஞ்சமும் சிந்தவில்லை.

"இவன் ஒரு நாளும் ஒரு வாய் குடிச்சதில்லக்கா. மூடி போட்டு வச்சுடுவான்."

அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். மருந்து இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கிடந்தான். பேச மூச்சு இல்லை. விரல் மட்டும் பாயில் தட்டிக்கொண்டிருக்கும். அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். ஒரு மத்தியானம் நான் ஊபி வேகுதா என்று குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், விரல் நின்றிருந்தது. அது பழக்கமான சத்தமாகப் போயிருந்ததால், முதலில் எது நின்றது என்றே எனக்குப் புரியவில்லை.

எடுக்கும்போது மேளம் இல்லை. அடிக்கிறவர் சயாமில் இருந்தார். அவர் மகன் பள்ளிக்கூடத்து மேளத்தை மாட்டிக்கொண்டு கிணற்றடியில் வந்து நின்றான். "அடிக்கட்டுமா?" என்று அப்பாவைக் கேட்டான். அப்பா போய்ப் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வைத்தார். பையன் அங்கேயே நின்றான். நாங்கள் சும்மா நடந்துபோனோம்.

மூன்றாம் நாள் வாத்தியார் வந்து, கோபித்துக்கொள்ளாதே அம்மா, காலையில் கொடி ஏற்ற வேண்டும் என்று பியூகலைக் கேட்டார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"மேளம் எடுத்திருந்தா வாரத்துக்கு ரெண்டு நாள். மழைல போயிருக்க வேணாம். நீங்கதாம்பா கொன்னீங்க."

அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போனார். அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, உடம்பில் சேறு இல்லை. இருந்தாலும் சாம்பலை எடுத்துக் காலைத் தேய்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் தேய்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவர்மேல் போட்டுவிட்டது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டு அம்மா வந்தார். நான் இருக்கும்போது அவர் கிணற்றுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி. எம் பையன பியூகல் எடுத்துக்கச் சொல்றாங்க. தினமும் கஞ்சி உண்டாம். உனக்குத்தான் தெரியும், நீ சொல்லு. எடுக்கட்டுமா?"

நான் வாளியைக் கிணற்றில் விட்டேன். எடுக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இவர் மகனும் ஊதட்டும், மழையில் ஓடட்டும், அப்போது தெரியும் என்று. இரண்டு வாளி இறைக்கிற நேரம் அந்த நினைப்போடு நின்றேன். அப்புறம் அந்தப் பையன் தம்பியை முதுகில் சுமந்து வந்தது ஞாபகம் வந்தது.

"வேணாம்" என்றேன்.

"ஏன் தங்கச்சி?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் டின்னைச் சொல்ல வேண்டும். நான் விரலை விட்டு வழித்ததைச் சொல்ல வேண்டும்.

"உங்க பையனுக்கு மேளமே போதும்."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அந்த அம்மாவின் முகம் மெதுவாக மூடிக்கொண்டது.

"ஆமா. எங்களுக்கு மேளம் போதும். பித்தளையெல்லாம் உங்களுக்கு. புள்ளய வாரிக் குடுத்தும் உங்களுக்கு இது போகலியா?"

அதில்லை அக்கா என்று சொன்னேன். அவரை நான் ஒரு முறை வைத்துக் கூப்பிட்டது அன்றுதான். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, என் குடம் பாதியில் நிற்க, தன் குடத்துக்கு இறைத்தார். நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பியூகல் சத்தம் வந்தது. அவர் மகன். கன்றுக்குட்டி மாதிரி.

அவனுக்கும் கால் வீங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். தினமும் அவன் வரும்போது கதவிடுக்கில் அவன் காலைப் பார்ப்பேன். மழை முடிந்தது. அடுத்த மழையும் வந்து போனது. அவனுக்குக் கன்னத்தில் சதை போட்டது. எப்போது பார்த்தாலும் வெறும் கையோடு வருவான்.

ஒரு நாள் அவனை நிறுத்திக் கேட்டேன். கஞ்சி கொடுக்கிறார்களா இல்லையா என்று.

"குடுக்கறாங்களே."

"அம்மாவுக்குக் கொண்டாரலியா?"

"கொண்டாந்தா அம்மா அடிக்கும்கா. அங்கயே குடிச்சிட்டு, வாயக் கொப்புளிக்காம வரணும். வந்ததும் ஊதுடான்னு சொல்லி வாய மோந்து பாக்கும். கஞ்சி வாசம் இல்லன்னா வெளக்குமாறுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் அம்மா அன்றைக்கும் மரவள்ளி இலைதான் அவித்துக்கொண்டிருந்தார், புகை கடைசி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவின் கால் வீங்கியிருந்தது. நான் பையன் காலையே பார்த்துக்கொண்டு இருந்ததில் அதை அன்றுவரை கவனிக்கவில்லை.

ஜப்பான்காரன் போய்விட்டான். கடைசி வீட்டுப் பையன் இப்போது கிளேபாங்கில் மீன் வாடியில் வேலை செய்கிறான். நல்ல உயரம். அப்பா இன்றும் யாராவது கேட்டால், பியூகல் ஊதி நெஞ்சு போய்விட்டது என்று சொல்கிறார். நானும் பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் தம்பி வாயை மோந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவன் வந்ததும் எங்கள் கண் டின்மேல்தான் போகும்.

டின் இன்னும் இருக்கிறது. கம்பிப் பிடி துருப்பிடித்துவிட்டது. அம்மா அதில் உப்பு போட்டு வைத்திருக்கிறாள்.